கண்ணுக்குத் தெரியாத பாரம்

யேர்மன் மொழி பேசும் நாடுகளில் வாழ்கின்ற நாம் 'டுங்கிளே மற்றேரியே' என்ற சொல்லைப் பிள்ளைகளின் வாயிலாக எப்போதாவது கேட்டிருப்போம். தமிழில் கரும்பொருள். 1933இல் ஒரு சுவிஸ் சஞ்சிகையில் இச்சொல்லை எழுதியவர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. அவரும் பல்கேரியாவில் பிறந்து, சூரிச்சில் படித்து, அமெரிக்காவில் வேலை பார்த்தவர். கோமா என்ற தொகுதியிலுள்ள நட்சத்திர மண்டலங்கள் ஓடும் வேகத்துக்கு, அவற்றின் ஒளி காட்டும் திணிவு போதாது எனக் கண்டார். ஏதோ ஒன்று மறைந்திருந்து இழுத்துப் பிடிக்கிறது. பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1970களில் வேரா ரூபின் அம்மையார் நட்சத்திர மண்டலங்கள் சுழல்வதை அளந்த பிறகுதான் அலட்சியம் செய்ய முடியாமற் போனது. இன்றைய கணக்கில் சாதாரண பொருளைப் போல ஐந்து மடங்கு கரும்பொருள் உண்டு.

அது எதனால் ஆனது என்பதற்குப் பல விடைகள். நம்மைக் கவர்ந்தது மறைந்திருக்கும் பரிமாணங்களிலிருந்து பிறக்கும் விடை. நீளம், அகலம், உயரம், காலம் என்பவற்றுடன் ஐந்தாவது பரிமாணம் ஒன்றைச் சேர்த்தால் ஈர்ப்பும் மின்காந்தமும் ஒரே கணக்கில் வருகின்றன என்று 1919இல் தியோடோர் கலூசா ஐன்ஸ்ரைனுக்கு எழுதினார். ஐன்ஸ்ரைன் தயங்கித் தயங்கி, 1921இல்தான் அது வெளிவந்தது. அந்தப் பரிமாணம் மிகச் சிறிதாகச் சுருண்டிருக்கிறது என்று 1926இல் ஒஸ்கார் கிளைன் சொன்னார். கிணற்றடித் துலாக்கயிறு தூரத்தில் நின்று பார்த்தால் வெறும் கோடு. அதில் ஊரும் எறும்புக்கோ கயிற்றைச் சுற்றியும் வர இடமுண்டு. பின்னாளில் வந்த இழைக் கொள்கைக்கு இப்படிச் சுருண்ட பரிமாணங்கள் ஆறு வேண்டும்.

ஊரில் பௌதிகத்தைத் தமிழிலேயே படித்தவர்கள் நம்மில் பலர். துணிக்கை, திணிவு, சக்தி என்ற சொற்கள் இன்னும் கையில் உண்டு. பிள்ளைகளோடு இதைப் பேச அவை போதும். அந்தச் சிறு வட்டத்தில் ஒரு துணிக்கை சுற்றி ஓடினால் ஓட்டம் நமக்குத் தெரியாது. அதன் சக்தி மட்டும் திணிவாகத் தெரியும். துணிக்கை அலையாகவும் இருப்பதால் வட்டத்தில் முழு அலைகளே அடங்கும். ஆகவே ஒன்று, இரண்டு, மூன்று எனப் படிப்படியாகப் பாரம் கூடிய சகோதரத் துணிக்கைகள் வரும். வட்டம் சிறுக்கச் சிறுக்கப் பாரம் ஏறும். சில கொள்கைகளில், இவற்றுள் மிக இலேசானது சிதைவடைய வழியே இல்லை. பிரபஞ்சத்தின் ஆரம்பச் சூட்டில் உண்டானவை இன்றும் எஞ்சியிருக்கும். இதுவே கரும்பொருளாகலாம் என்று 2002 அளவில் கணக்கிட்டார்கள். திணிவு புரோத்தனைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ஆனால் இந்த அளவை இழைக் கொள்கை தானாகத் தரவில்லை. வட்டத்தின் பருமனை ஆய்வாளர்களே தெரிந்தெடுக்கிறார்கள். அது நமக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஜெனீவாவில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் 2010இலிருந்து புரோத்தன்களை மோதவிட்டுத் தேடியிருக்கிறார்கள். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் திரவ செனன் தாங்கியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.

ஜெனீவா றெயில் நிலையத்திலிருந்து 18ஆம் இலக்க ட்ராம் சேர்ன் ஆய்வுகூடத்தின் வாசலுக்கே போகிறது. கண்காட்சிக்குக் கட்டணமில்லை, திங்களில் மூடியிருக்கும். அங்கே பிள்ளைகள் பிரெஞ்சிலோ யேர்மனிலோ கேட்கட்டும், திரும்பி வரும்போது நமக்குத் தமிழில் சொல்லட்டும்.