பாட்டுக்குரியவர் பெயர்

எழுவான்கரையிலிருந்து மண்டூருக்குப் போகிறவர்கள் குருமண்வெளித் துறையிலே 'பாதை' ஏறுவார்கள். பாதை என்றதும் பிறவூரார் தெருவையே நினைப்பர். எங்கள் மட்டக்களப்புப் பகுதியிலோ, ஆட்களையும் வண்டிகளையும் சுமந்துகொண்டு வாவியின்மேல் மெல்ல நகரும் தட்டையான மிதவைக்கே அப்பெயர் வழங்குகிறது. அதில் ஏறிவிட்டால் அக்கரை சேரும்வரை எவருக்கும் அவசரமில்லை. நாலு வார்த்தை பேசலாம். பிறர் பேசுவதைக் கேட்கலாம். நான் நெடுங்காலமாகச் செய்துவந்த ஒரு பிழையை எனக்கு உணர்த்தியதும் அப்படியொரு பயணமே.

அதற்கு முதல்நாள் மாலை மண்டூர்ப் பக்கத்திலே ஒரு பாடசாலைக் கலைவிழா நடந்தது. நிகழ்ச்சிகளை அறிவிக்கும் பொறுப்பு வழக்கம்போல என்னுடையது. பிள்ளைகள் 'சின்ன மாமியே' என்ற பாட்டைப் பாடி ஆடினார்கள். கொட்டகையில் இருந்த பாட்டிமாரும் கையால் தாளம் போட்டார்கள். நானும் உற்சாகம் மேலிட்டு, "சிலோன் மனோகர் நமக்குத் தந்த பாட்டு" என்று ஒலிபெருக்கியிலே முழங்கினேன். பல ஆண்டுகளாக அப்படித்தான் முழங்கி வந்திருக்கிறேன்.

மறுநாட் காலை திரும்பி வருவதற்காகப் பாதை ஏறினேன். அருகில் நின்ற முதியவர் ஒருவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"நேற்று விழாவிலே அறிவித்தவர் நீர்தானே, தம்பி?"

"ஓம், ஐயா."

"பிள்ளைகள் வடிவாகப் பாடினார்கள். ஆனால், பாட்டுக்குரியவரின் பெயரை மாற்றிச் சொல்லிப்போட்டீர். அது நித்தி கனகரத்தினத்தின் பாட்டு. நாங்கள் இளந்தாரிகளாக இருந்த காலத்திலே அவருடைய பாட்டென்றுதான் கேட்டோம்."

எனக்கு வெட்கமாயிற்று. "இருவரும் நம்மவர்கள்தானே, ஐயா" என்று சமாளிக்கப் பார்த்தேன்.

அவர் சிரித்தார். "உம்முடைய தகப்பனார் விதைத்து வெட்டின நெல்லை வேறொருவர் பெயரிலே எழுதினால், அவரும் நம்மவர்தானே என்று பேசாமல் இருந்துவிடுவீரோ?"

எனக்கு மறுமொழி வரவில்லை. அதற்குள் பாதை குருமண்வெளித் துறையைத் தொட்டுவிட்டது.

அவர் சொன்னது முற்றிலும் மெய். ஏ. ஈ. மனோகரன் பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. 'சுராங்கனி' என்ற பாட்டினால் அவர் இலங்கையையும் தமிழகத்தையும் ஒருங்கே ஆட வைத்தார். 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்ற திரைப்படத்திலே, இளையராஜாவின் இசையிலும் அந்தச் சுராங்கனி வந்து போனாள். 2018 சனவரியில் மனோகரன் சென்னையிலே காலமானபோது, கடலின் இருகரையிலும் உள்ளவர்கள் அவரை நினைத்து வருந்தினார்கள். ஈழத்துப் பொப் பாட்டு என்றாலே அவர் பெயர்தான் நாவில் வரும். அத்தனை பெரும் புகழ் அது. அதனாலேயே, அவருடையவை அல்லாத பாட்டுகளும் அந்தப் பெயரின் நிழலில் ஒதுங்கிவிட்டன.

'சின்ன மாமியே' பாட்டை ஆக்கியவர் யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையின் முன்னோடி என்று விவரமறிந்தவர்கள் அவரைப் போற்றுவார்கள். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்ற பாட்டும் அவருடையதே. தமிழகத்துத் திரைப்பாட்டையே பெரிதென்று நாம் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், வீட்டிலும் வேலியோரத்திலும் பேசுகிற பேச்சையே எடுத்துப் பைலாத் தாளத்திலே வைத்து அவர் பாடினார். போர்த்துக்கேயர் வழியாக இந்நாட்டில் வேரூன்றிய தாளம் அது. மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களிலே பிடிலும் கித்தாரும் கேட்டு வளர்ந்த நமக்கு, அது அந்நியமாகத் தோன்றவுமில்லை. பின்னாளில் அவர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று வாழ்ந்தார். பாட்டு இங்கேயே நின்றது. பெயர் மட்டும் மெல்ல மெல்லக் கழன்று போயிற்று.

பாட்டு நிலைத்துப் பெயர் மறைவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே 1940இல் பிறந்த ஆதர் அலெக்சாந்தர் என்ற கறுப்பினப் பாடகரின் கதையை இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். அவர் விடுதியொன்றிலே விருந்தினரின் பெட்டிகளைச் சுமக்கும் ஊழியராக இருந்தவர். 'கன்றி' எனப்படும் அந்நாட்டு நாட்டுப்புறப் பாட்டின் எளிமையையும் கறுப்பின மக்களின் பாட்டிலுள்ள உருக்கத்தையும் ஒன்றாகக் குழைத்து, 1961இல் 'யூ பெற்றர் மூவ் ஒன்' என்ற பாட்டை ஒலிப்பதிவு செய்தார். மறு ஆண்டு அது புகழ் பெற்றது. 1963இல் பீற்றில்ஸ் குழுவினர் தங்கள் முதலாவது நெடுந்தட்டிலே அவருடைய 'அன்னா' என்ற பாட்டைச் சேர்த்தனர். அடுத்த ஆண்டு றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் 'யூ பெற்றர் மூவ் ஒன்' பாடினர். 1988இல் பொப் டிலானும் அவருடைய பாட்டொன்றைப் பாடித் தமது இசைத்தட்டிலே வெளியிட்டார்.

அத்தனை பேரும் பாடிய பாட்டுகளுக்கு உரியவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? இசையுலகைத் துறந்து, கிளீவ்லாந்து நகரிலே பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார்! 1993இல் ஒரு புதிய தட்டுடன் மீண்டும் வந்தார். பழைய குரலின் கனிவு குறையவில்லை என்று கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால், அவ்வாண்டு சூன் மாதத்திலேயே அவர் ஆயுள் முடிந்தது. 1994இல் றொபேட் பிளான்ற், எல்விஸ் கொஸ்ரெலோ முதலிய பாடகர்கள் கூடி, ஆளுக்கொரு பாட்டாக அவருடைய பாட்டுகளைப் பாடி ஒரு நினைவுத் தட்டு வெளியிட்டனர். 'அடியோஸ் அமிகோ' என்பது அதன் பெயர். 'சென்று வருக, நண்பனே' என்று பொருள். அந்தத் தட்டினால் அவர் பெயரை முதன்முதலாகக் கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். நல்ல காரியந்தான். ஆனாலும், மாலை வந்து சேர்ந்தபோது அதை ஏற்கக் கழுத்து இல்லை.

பாட்டுக்கும் பெயருக்கும் உள்ள உறவை நம் முன்னோர் அறியாதவர்களல்லர். திருஞானசம்பந்தரின் பதிகங்களைப் பாருங்கள். இறுதிப் பாட்டான திருக்கடைக்காப்பிலே, பாடியவர் பெயரும் அவர் ஊராகிய காழியும் வந்து நிற்கும். பதிகத்தை முழுமையாகப் பாடுகிறவர், பாடியவரின் பெயரைச் சொல்லாமல் முடிக்க இயலாது. கர்நாடக இசைக் கீர்த்தனங்களிலும் அவ்வாறே 'முத்திரை' உண்டு. கோயில் வீதியிலே தேவாரம் ஓதும் சிறுபிள்ளையும், தன்னையறியாமலே ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒருவருக்கு நன்றி செலுத்துகிறது. பொப் பாட்டிலே அத்தகைய முத்திரை இல்லை. ஆதலால் அந்த முத்திரையை வைக்கும் கடமை, பாட்டை எடுத்துப் பாடுகிறவருக்கும் மேடையிலே அறிவிக்கிறவருக்கும் உரியதாகிறது. அந்தக் கடமையில்தான் நான் தவறினேன். என் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், நாளைக்கு அதே பிழையை இன்னும் உரத்த குரலிலே சொல்லப்போகிறவர்கள்.

நம் வயல்வெளிகளிலே வழங்கும் நாட்டுக்கவிகள் பலவற்றை யார் கட்டினார் என்று எவரும் அறியார். அவை ஊருக்குப் பொதுவாகிவிட்டன. அதில் ஓர் அழகும் உண்டு. ஆனால், நம் தந்தையார் காலத்திலே பாடியவரின் பெயரை நம் காலத்திலேயே தொலைத்துவிட்டு, 'அது ஊர்ப்பாட்டு' என்று சொல்லித் தப்ப முடியாது. சிறப்புத் தட்டு வெளியிடுவதற்குப் பொருளும் ஆட்பலமும் வேண்டும். பெயரைச் சரியாகச் சொல்வதற்கோ ஒரு மூச்சுப் போதும்.

சென்ற மாதம் இன்னொரு விழா வந்தது, அதே பாட்டு, அதே பிள்ளைகள். இம்முறை அறிவிப்பை நான் சொல்லவில்லை. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் ஒரு துண்டுக் கடதாசியை எழுதிக் கொடுத்தேன். அவள் மேடைக்கு வந்து, "பாடலை ஆக்கியவர் நித்தி கனகரத்தினம்" என்று தெளிவாக வாசித்தாள். பின்பு திரும்பி, "சேர், அவர் வேறு என்ன பாட்டுப் பாடியிருக்கிறார்?" என்று கேட்டாள். ஒலிபெருக்கி நிறுத்தப்படவில்லை; கொட்டகை முழுவதும் அந்தக் கேள்வி கேட்டது.

மண்டூர் முருகன் கோயிலிலே பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு பூசை செய்வார். அங்கே மௌனமே வழிபாடு. பாட்டுக்காரருக்கு அந்த வழிபாடு பொருந்தாது. அவர் பெயரை வாய் திறந்து சொல்லவேண்டும்.