வன்னிக் காட்டுவழியே மூன்று நாட்கள்

படுக்கையும் சமையல் மேசையும் உள்ளேயே அமைந்த வாகனங்களில் வெளிநாட்டுப் பயணிகள் நிலாவெளிக் கரைக்கு வந்து நிற்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அப்படியொன்றை வாடகைக்கு எடுக்க எங்கள் மகளிர் குழுவுக்கு வசதியில்லை. சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்து 2024 மாசியில் ஒரு சாதாரண வானைப் பேசினோம். பின் ஆசனங்களைக் கழற்றிப் பாய் விரித்தோம். காஸ் அடுப்பு, இரண்டு பானை, அரிசி, பருப்பு, கருவாடு, தண்ணீர்க் கான். பெண்கள் ஏழு பேர். சாரதி எங்களில் ஒருவரின் தம்பி.

"ஒரு அலுவலுமில்லாமல் காடு பார்க்கவோ போறியள்?" என்ற கேள்வி புறப்படுமுன்னரே தெருவெல்லாம் சுற்றி வந்தது. மடுவுக்கோ கதிர்காமத்துக்கோ என்றால் மாமியாரே இடியப்பம் கட்டித் தந்திருப்பார். பார்ப்பதற்காக மட்டும் ஓரிடத்துக்குப் போவது பெண்ணுக்கு இன்னும் விளக்கம் சொல்ல வேண்டிய காரியம்தான். ஓய்வு நேரத்திலும் பால்நிலைப் பாகுபாடு உண்டு என்று சமூகவியல் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். மாமிமாரிடம் அந்தச் சொற்கள் எடுபடவில்லை.

எங்களில் ஓர் அக்கா, தம்பலகாமத்துப் பக்கம் வயற் காவலுக்குப் போன கணவரை யானைக்குப் பறிகொடுத்தவர். இழப்பீட்டுக்காக ஓர் அலுவலகத்துக்கு அவர் நடந்த நடையில் நானும் பல தடவை கூட நடந்திருக்கிறேன். அவரைக் கூப்பிட எனக்குத் தயக்கமாக இருந்தது. "ஆனையைக் கண்டா என்ன செய்வனோ தெரியாது பிள்ளை. ஆனா வாறன்" என்றார்.

குச்சவெளி, புல்மோட்டை கடந்து கொக்கிளாய்க் களப்பைச் சுற்றிப் போனோம். முன்பு இவ்வழியில் ஆறுகளைப் 'பாதை'யில் ஏறித்தான் கடக்க வேண்டும். யுத்தம் முடிந்த பின்னரே பாலங்கள் வந்தன. களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம். கூழைக்கடாக்களும் நாரைகளும் ஆழமில்லாத நீரில் ஊர்கூடி நிற்பதுபோல் நின்றன. எங்கள் குழுவில் மூத்தவர் 1984இல் அந்தக் கரையை விட்டுச் சிறுமியாக ஓடி வந்தவர். அவர் பறவைகளைப் பார்க்கவில்லை. "இது பாலை, அது வீரை, அந்த மரத்தடியில்தான் பழம் பொறுக்கினது" என்று மரம் மரமாகக் காட்டிக்கொண்டே வந்தார். வானை நான்கு இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று.

இரவு முல்லைத்தீவில் ஒரு முன்பள்ளி வளவில் தங்கினோம். நால்வர் வானிலும் மூவர் விறாந்தையிலும் படுத்தோம். முன்பள்ளியைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் மலசலகூடம். வழியில் வசதி இராது என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வருவது நம் பெண்களின் பழைய பழக்கம். சலக்கடுப்பை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம். ஆகவே எங்கெங்கே இறங்கலாம் என்று விசாரித்து எழுதிக்கொண்ட பிறகுதான் பயண நாளையே குறித்தோம்.

மறுநாள் சுண்டிக்குளம். 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனமான இடம். பூநாரைகளைத் தூரத்தில்தான் கண்டோம். அவை உண்ணும் பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் உள்ள நிறமிதான் இறகுக்கு அந்தச் செந்நிறத்தைத் தருகிறதாம். அயலில்தான் ஆனையிறவு. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகளை அக்கடனீரேரி வழியே யாழ்ப்பாணத்துக்கு நடத்திச் சென்று இந்திய வியாபாரிகளுக்கு விற்றார்கள். அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அப்பவும் அதுகளுக்கு நிம்மதி இல்லை" என்றார்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. அவை நடமாடும் நிலத்தில் பெரும்பகுதி சரணாலய எல்லைகளுக்கு வெளியே, நம் வயலும் குளமும் உள்ள இடம். 2019 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் 100க்கு மேற்பட்ட மக்களும் 300க்கு மேற்பட்ட யானைகளும் மாண்டிருக்கிறார்கள். எங்கள் பயணத்துக்கு அடுத்த ஆண்டு, 2025 பெப்ரவரி 20ஆம் திகதி, ஹபரணைக்கு அருகே ரயில் மோதி ஒரே கூட்டத்தில் ஆறு யானைகள் இறந்தன. வீட்டுக்குள் அடுக்கிய நெல்லின் மணத்துக்கும் உப்புக்கும் யானை சுவரை இடிக்கும். அந்தச் சுவரோரம் பாய்போட்டுப் படுப்பவர்கள் பெண்களும் பிள்ளைகளும். இதைக் கூட்டங்களில் எத்தனை முறை சொன்னாலும் வேலிக் கணக்கோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திரும்பினோம். பொழுது சாய்கிற நேரம், வீதியோரம் ஓர் ஒற்றை யானை. தம்பி தூரத்திலேயே நிறுத்தினான். ஹோன் அடிக்கவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரரையும் கையசைத்து மறித்தான். வானுக்குள் மூச்சுச் சத்தம் மட்டும். அக்கா என் கையைப் பிடித்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே போனது. யானை புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டி மண் உதிர்த்துத் தின்றது. இடது முன்காலில் ஒரு பழைய காயம்.

"நொண்டுது" என்றார் அக்கா.

அது வீதியைக் கடந்து பற்றைக்குள் இறங்கும் வரை யாரும் பேசவில்லை. பிறகு, "இனிப் போ, தம்பி" என்று அவரே சொன்னார். ஹொரவப்பொத்தானையில் தேத்தண்ணீர் குடித்தபோது, கணவர் கொப்பு முறியும் சத்தத்தை வைத்தே யானை எவ்வளவு தூரத்தில் நிற்கிறதென்று சொல்லிவிடுவாரென்று எங்களுக்குச் சொல்லத் தொடங்கினார். திருகோணமலை வந்து சேரும்வரை அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.