பூட்டில்லாப் பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுவது என்ன? கரும்பலகை, மணியோசை, வரிசை வரிசையாக வெண்ணிறச் சீருடைகள், ஒரு பார்வையிலேயே வகுப்பை அமைதியாக்கிவிடும் ஆசிரியை! இவையெல்லாம் நமக்கு வாய்த்தன. இவற்றுள் ஒன்றுகூட வாய்க்காத இடத்திலும் கல்வி நடந்திருக்கிறது; இன்றும் நடக்கிறது. அத்தகைய கல்விக்கென உலகுக்கு வழங்கப்பட்ட ஒரு மென்பொருளைப் பற்றியும், அதைக் கொண்டு என் சித்தி படித்ததைப் பற்றியும் இந்த ஆண்டு மலரில் எழுதப் பணித்த அருட்சகோதரிக்கு முதற்கண் என் நன்றி உரியது.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதி பெரும்பாலும் வறண்ட நிலம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பல கல் தொலைவு. அங்குள்ள பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு நடந்து செல்வார்கள்? 1920களின் இறுதியில் ஆல்ஃபிரெட் டிரேகர் என்னும் பொறியாளர், சைக்கிள் மிதிப்பது போலக் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியைச் செய்தார். விமானத்தில் மருத்துவரை வரவழைக்க அது பயன்பட்டது. பின்னர், அடிலெய்டு மீத்கி என்னும் கல்வியாளர் அம்மையாருக்கு, அந்த வானொலியிலேயே பாடமும் நடத்தலாமே என்ற எண்ணம் உதித்தது. அதன் பயனாக 1951-ஆம் ஆண்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 'வான்வழிப் பள்ளி' தொடங்கப்பெற்றது. ஆசிரியை மைக்கின் முன் அமர்ந்து பேசுவார். தொலைவில் ஏதோ ஒரு பண்ணை வீட்டில் இருந்து ஒரு குழந்தை பதில் சொல்லும். எழுத்து வேலை தபாலில் போய் வரும். என்னே மனித முயற்சி!

மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில், இப்படி வானொலி வழியே பாடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுள் ஒருவர்தான் மார்ட்டின் டூகியாமாஸ். பின்னாளில் அவர் பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில், விலை கொடுத்து வாங்கிய ஒரு கற்பித்தல் மென்பொருளைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். அதன் குறைகள் அவருக்குத் தெரியும். ஆனால் திருத்த இயலாது. உள்ளே திறந்து பார்க்கும் உரிமையே வாங்கியவருக்கு இல்லை! ஆகவே 1999-ஆம் ஆண்டில் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். அது 2002 ஆகஸ்டு 20 அன்று முதல் முழுப் பதிப்பாக வெளிவந்தது. அதன் பெயர் 'மூடுல்'. பெயரில்தான் 'மூடு' இருக்கிறதே தவிர, கதவு திறந்தே இருக்கிறது! அதை யாரும் காசில்லாமல் பெற்றுக்கொள்ளலாம்; அதன் மூல நிரலை வரி வரியாகப் படிக்கலாம்; தம் தேவைக்கு ஏற்ப மாற்றலாம்; பிறருக்கும் கொடுக்கலாம்.

இத்தகைய உரிமைகளைக் கொள்கையாக வகுத்தவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983-இல் அவர் தொடங்கிய இயக்கத்தில் இருந்து 1989-இல் ஒரு பொது உரிமம் பிறந்தது. மூடுல் வெளியிடப்படுவது அந்த உரிமத்தின் கீழ்தான். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் ஓயாமல் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகாகச் சொல்லிவிடுகிறோம்.

இனி என் சித்தியிடம் வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை எங்கள் ஊரிலேயே படித்தவர். உயர்நிலைப் பள்ளிக்கு இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும் என்பதால் ஒன்பதாம் வகுப்பின் நடுவிலேயே நிறுத்தப்பட்டார். தையல் கற்றார், திருமணமாயிற்று, இரண்டு பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கினார். நாற்பத்தாறாவது வயதில் ஒரு நாள், "பத்தாவது எழுதணும்மா, எனக்கு வழி சொல்லு" என்றார். மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. பகலெல்லாம் தையல் இயந்திரம். தனிப்பயிற்சி வகுப்புகளோ பகலில்தான். அவருக்குக் கிடைப்பது இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு மணி நேரம் மட்டுமே.

என்னுடன் பணிபுரியும் இரு தோழியரும் நானும் சேர்ந்து, மாத வாடகைக்கு ஒரு சிறிய இடத்தை இணையத்தில் பிடித்து, அதில் மூடுலை நிறுவினோம். மென்பொருளுக்குச் சல்லிக் காசு செலவில்லை. இடத்துக்கு வாடகை உண்டு. காப்புப் பிரதி எடுப்பதும், பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்ப்பதும் நம் பொறுப்பு. இலவசமாக வந்த பசுவுக்கும் தீனி போட வேண்டும் அல்லவா? பாடங்களைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தோம். ஒரு பகுதியை முடித்தால் மட்டுமே அடுத்தது திறக்குமாறு அமைக்கலாம். எல்லாவற்றையும் திறந்தும் வைக்கலாம். சித்தி இரண்டாவதையே விரும்பினார். "எனக்கு எது வேணும்னு நான் பாத்துக்கறேன்" என்றார். தானே தேர்ந்து கற்பது என்று அறிஞர்கள் கூறுவது இதைத்தான் போலும்! கைப்பேசிச் செயலியில் பாடங்களை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாதபோதும் படிக்கலாம் என்பது பேருதவியாக இருந்தது. இதைக் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தில் மேலும் ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள்.

முதல் வாரமே ஒரு சிக்கல் எழுந்தது. கணக்குப் பாடத்தில் சித்தி ஒரு விடையைத் தவறாகத் தேர்ந்தார். உடனே திரையில் 'உங்கள் விடை தவறு' என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வரி தோன்றியது. சித்தி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "ஏம்மா, இதுவும் எங்க பழைய கணக்கு வாத்தியார் மாதிரியே பேசுதே?" என்றார். மற்ற ஐவரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவர் கண்ணிலும் சிரிப்பில்லை. மறுநாள் இருவர் பாடத்தைத் திறக்கவே இல்லை.

விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாக இருந்திருந்தால், நிறுவனத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மூடுலில் அப்படியில்லை. திரையில் தோன்றும் ஒவ்வொரு சொல்லும் நிரலில் இருந்து பிரித்து, தனிக் கோப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது பேசுவதற்குக் காரணமும் அதுவே. அன்றிரவே அந்த வரியை மாற்றினோம். 'இன்னொரு முறை பார்ப்போமா?' என்று எழுதினோம். அதன் கீழே, அந்தக் குறிப்பிட்ட விடையைத் தேர்ந்தவர் எங்கே இடறியிருப்பார் என்று ஒவ்வொரு விடைக்கும் தனித்தனியே ஒரு குறிப்பும் சேர்த்தோம். வட்டிக் கணக்குக்குச் சீட்டுக் கட்டுவதையே உதாரணமாக்கினோம். வராமலிருந்த இருவரும் அடுத்த வாரம் திரும்பி வந்தார்கள்.

மூல நிரல் என்றால் என்ன என்று சித்திக்கு விளக்கியபோது அவர் சொன்ன உவமை எந்தப் பேராசிரியரும் சொல்லாதது. "நாங்க ரவிக்கை தைக்கறப்ப உள்தையல்ல கொஞ்சம் துணி விட்டுத் தைப்போம். உடம்பு பெருத்தாப் பிரிச்சு விட்டுக்கலாம். கடையில வாங்கறதுல அது இருக்காது. அதானே?" என்றார். அதேதான்! எழுதியவர் நம்மைக் கண்டதில்லை. நம் ஊரை அறியார். ஆயினும் நமக்காக உள்தையலில் துணி விட்டுத் தைத்திருக்கிறார்.

அப்படிப் பிரித்துத் தைத்தவர்கள் பலர். 2005-இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூடுலை ஏற்றது. தன் மாணவர்களுக்காக அது வினாப் பகுதியைச் சீர்செய்தபோது, அந்தத் திருத்தங்கள் மூடுலிலேயே சேர்ந்தன. எங்கோ ஒரு பெரிய பல்கலைக்கழகம் செய்த நன்மை, எங்கள் தெருவில் ஒரு தையற்காரியின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுவன்றோ!

இயந்திரம் படித்துக் கொடுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தேர்வில் சித்தி நான்கு பாடங்களில் தேறினார், அறிவியல் நின்றுவிட்டது. மற்ற ஐவரில் மூவர் தேர்வுக்கே பணம் கட்டவில்லை, வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. எந்த மென்பொருளாலும் திறக்க முடியாத கதவுகள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. பெற்றோர்களே, அந்தத் திறவுகோல் உங்கள் கையில்தான் உள்ளது! சித்தியோ சோர்ந்துவிடவில்லை. மின்சாரம் பற்றிய பாடத்தை இப்போது மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறார். எத்தனை முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்வதில்லை என்கிறார்.

அன்புத் தங்கைகளே! உங்களுக்கு நல்ல ஆசிரியைகள் வாய்த்திருக்கிறார்கள். அந்தப் பேற்றுக்கு எந்த இயந்திரமும் ஈடாகாது. ஆனால் பள்ளியை விட்டுச் சென்ற பின்னும் படிப்பு தொடர வேண்டும். உங்களைப் போல் வாய்ப்புப் பெறாதவர்களின் படிப்பும் தொடர வேண்டும். அதற்கு நீங்கள் பெரிய பொறியாளர்களாக வேண்டும் என்பதில்லை. இத்தகைய மென்பொருளில் தமிழாக்க வேண்டிய வரிகள் எப்போதும் உண்டு. விருப்பமுள்ள எவரும் அதில் பங்கேற்கலாம். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒவ்வொரு வரியையும் எழுதுமுன், இரவு ஒன்பது மணிக்குக் களைத்து வந்து அதைப் படிக்கப்போகும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். சொல் தானே கனிந்து வரும்.

(பழைய மாணவி)