கொடுக்கக் கூடாத பண்டம்

மத நல்லிணக்கத்துக்குச் சாப்பாட்டை உதாரணம் காட்டிப் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிரியாணி, எதிர்வீட்டுக் கேக், நம் வீட்டுச் சுண்டல் என்று ஒரு ஜாபிதா வரும். இவையெல்லாம் கொடுக்கக் கூடிய பண்டங்கள். கொடுக்கக் கூடாத பண்டம் என்று ஒன்றும் பல மரபுகளில் இருக்கிறது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஒரு மரபு தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது இந்த இரண்டாவது வகையில்தான் தெரிகிறது.

என் அப்பா திருநெல்வேலிச் சைவப் பிள்ளை. அம்மா கோட்டயம், சிரியன் கத்தோலிக்கக் குடும்பம். 1954-ம் வருஷத்து விசேஷத் திருமணச் சட்டத்தின் கீழ் ரிஜிஸ்தர் செய்துகொண்டவர்கள். அம்மாவின் சபைச் சட்டப்படி அது விவாகமே ஆகாது. அவள் ஞாயிறு பூசைக்குப் போகலாம்; கடைசி பெஞ்சில் உட்காரலாம்; நற்கருணை வாங்க முடியாது. இதைப் பற்றி அவள் புகார் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பெரிய வியாழன் இரவு வீட்டில் செய்கிற பெசகா அப்பத்தில் அவள் காட்டிய கண்டிப்பை இதோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

வசந்தம் என்பது எங்கள் ஊரில் பஞ்சாங்கத்தில் மட்டும் இருக்கிற சமாச்சாரம். பங்குனியிலேயே வெயில் ஏறிவிடும். அந்த வெயிலில் இரண்டு பக்கத்துப் பண்டிகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். அதற்கு முன்னால் அம்மாவுக்கு ஐம்பது நாள் நோன்பு. மாமிசம், மீன், முட்டை எதுவும் கிடையாது. அதாவது அப்பா வருஷம் முழுவதும் சாப்பிடுகிறதை அம்மா ஐம்பது நாள் தவமாகச் சாப்பிட்டாள். ‘எங்க சாப்பாடு உங்களுக்குத் தண்டனையாக்கும்’ என்று ஆச்சி ஒரு முறை சொன்னாள். கேலிதான், ஆனால் முழுக்கக் கேலி அல்ல.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமைக்கு அம்மா ஊரில் கொழுக்கட்டைச் சனி என்றே பெயர். அரிசி மாவு, தேங்காய், வெல்லம், ஆவியில் வேகவைப்பது. பிள்ளையாருக்குச் செய்கிற அதே பூரணக் கொழுக்கட்டை. ஆச்சிக்கு இதில் ரொம்ப சந்தோஷம், பிள்ளையார் கோட்டயத்துக்கும் போயிருக்கிறார் என்று. ஆனால் ஆச்சி செய்கிற இன்னொரு கொழுக்கட்டை உண்டு. செவ்வாய்க்கிழமை இரவில் பெண்கள் மட்டும் கூடி, கதவைச் சாத்திக்கொண்டு, உப்புப் போடாமல் செய்கிற ஔவையார் நோன்புக் கொழுக்கட்டை. அதை ஆண்கள் தின்னக் கூடாது, பார்க்கவே கூடாது. கைக்குழந்தை ஆணாக இருந்தாலும் வெளியே. அம்மா வேறு மதத்துக்காரி. அவளை ஆச்சி அந்தக் கதவுக்கு உள்ளே சேர்த்துக்கொண்டாள். சொந்த மகனை வெளியே நிறுத்தினாள். ஆச்சியின் மத சாஸ்திரம் ஞானஸ்நானத்தைப் பார்க்கவில்லை, வேறொன்றைப் பார்த்தது.

பெசகா அப்பத்துக்கு அரிசி மாவும் உளுந்தும் தேங்காயும் அரைத்து, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு சேர்த்துப் புளிக்கவிடாமல் உடனே அவிக்க வேண்டும். மற்ற நாளில் ஆப்பத்துக்குக் கள் ஊற்றிப் புளிக்க வைக்கிற ஜனங்கள் அவர்கள். அன்றைக்கு மட்டும் புளிப்பு ஆகாது. மேலே குருத்தோலைச் சிலுவை ஒன்றை வைப்பார்கள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் காய்ச்சி ஏலக்காய், சுக்குப் போட்ட பால் ஒன்று, தொட்டுக்கொள்ள. குடும்பத் தலைவர் ஜபம் சொல்லி அறுத்து வயதுப்படி கொடுப்பார். எங்கள் வீட்டில் தலைவர் சைவர். ஆகையால் அம்மாவே ஜபம் சொல்லி அவளே அறுத்தாள். ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. அந்தக் கணக்கில் நாங்களும் வெளியேதான். பிள்ளைகள் தன் உடம்பிலிருந்து வந்தவர்கள் என்ற ஒரு வாதத்தை அம்மா தனக்குத்தானே ஒப்புக்கொண்டு எங்களுக்குக் கொடுத்தாள். அப்பாவுக்கும் ஒரு துண்டு நீட்டியிருக்கிறாள், கல்யாணமான முதல் வருஷத்தில். அவர் வாங்கவில்லை. ‘நானும் தின்னா அது வெறும் பலகாரமாப் போயிரும்’ என்றாராம்.

இந்த வாக்கியத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். மரியாதையா, ஒரு சைவரின் கர்வமா, இரண்டும் கலந்ததா? அவருக்கு விலக்கு என்பதன் உபயோகம் தெரிந்திருந்தது. ஔவையார் கொழுக்கட்டைக்கு வெளியே நின்று வளர்ந்தவர்தானே. எல்லோருக்கும் உரியதாகிவிட்ட பண்டத்துக்கு ருசி மட்டும்தான் மிஞ்சுகிறது. சமரசம் பேசுகிறவர்கள் இதைச் சொல்லப் பயப்படுகிறார்கள். ஆனால் விலக்கின் விலையைக் கொடுக்கிறவர் எப்போதும் வெளியே நிற்கிறவர்தான் என்பதும் வாஸ்தவம். அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஜபம் முடிகிற வரை பக்கம் திருப்ப மாட்டார்.

யாத்திராகமத்தில் பஸ்கா விதிக்கப்படுகிற 12-ம் அதிகாரத்திலேயே இந்த விலக்கு இருக்கிறது. விருத்தசேதனம் செய்யாதவன் உண்ணலாகாது. அதே அதிகாரத்தில்தான் எகிப்தில் சாவு விழாத வீடே இல்லை என்றும் வருகிறது. சாவு நுழைந்த வீடு, சாவு கடந்து போன வீடு என்று இரண்டாகப் பிரிப்பதில்தான் அந்தப் பண்டிகை பிறக்கிறது. அம்மா ஊரில், அந்த வருஷம் சாவு நடந்த வீட்டில் பெசகா அப்பம் செய்வதில்லை. உறவினரோ அயலாரோ கொண்டுவந்து கொடுப்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்பது என் ஊகம் மட்டுமே.

ஈஸ்டருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கும் எங்களுக்கும் ஆப்பத்தோடு கோழி. அப்பாவுக்கு அதே தேங்காய்ப்பாலில் திருநெல்வேலிச் சொதி. இரண்டு அடுப்பு, ஒரு தேங்காய்.

ஈஸ்டர் சந்திரனைப் பார்த்து நகரும். சித்திரை விஷு சூரியனைப் பார்த்து நிற்கும். இரண்டும் மோதிக்கொள்வது அபூர்வம். 1995-ல் ஏப்ரல் 14 பெரிய வெள்ளி. அதுவே சித்திரை முதல் தேதி. 2006-லும் 2017-லும் அப்படியே. 1995-ல் அம்மாவுக்குக் கஞ்சியும் சிறுபயறும், கோயிலில் கொடுக்கிற பாகற்காய்ச் சாறும். ஆச்சிக்கு வடை பாயசத்தோடு வேப்பம்பூப் பச்சடி. அம்மா யோசித்துவிட்டு, வெல்லம் போடாமல் பச்சடி செய்தால் தானும் சாப்பிடலாம் என்றாள். கசப்பு அன்றைய தினத்துக்குப் பொருந்தும். ஆச்சி ஒப்பவில்லை. வருஷத்தை வெறும் கசப்பில் தொடங்கக் கூடாது. இருவருக்கும் ஒரே பூ, ஒரே கசப்பு; ஒருத்திக்கு அது வரப்போகிற வருஷத்தின் ஒரு பங்கு, மற்றவளுக்கு அந்த நாளின் முழுமை. கடைசியில் வெல்லமில்லாமல்தான் செய்தார்கள். ஆச்சி ஒரு வெல்லக்கட்டியைத் தனியாக இலை ஓரத்தில் வைத்துக்கொண்டாள். இதைச் சமரசம் என்று சொல்லலாமா, தெரியவில்லை. அன்று இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

2016 ஆடியில் அப்பா இறந்தார். அடுத்த வருஷம் பெரிய வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு கோட்டயத்திலிருந்து பெரியம்மா போன் செய்தாள். அப்பம் செய்கிறாய் அல்லவா என்று கேட்டாள். இல்லை என்றாள் அம்மா. பெரியம்மா விளக்கினாள்: அந்த விலக்கு நம் ஆட்கள் இறந்தால்தான், அவர் சபையில் இல்லாதவர், கணக்கில் வராது, நீ செய்யலாம். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். வருஷத்தில் அவளுக்குக் கிடைக்கிற ஒரே அப்பத்தை ஏன் விட வேண்டும் என்பது அவள் கவலை. ‘இந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள்.

வியாழன் இரவு அடுப்பு மூட்டவில்லை. யாரும் கொண்டுவரவும் இல்லை. எங்கள் தெருவில் கொண்டுவரத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? வெள்ளிக்கிழமை விஷுவுக்குக் கனி வைக்கவில்லை, அப்பா பக்கத்து வழக்கப்படி. பச்சடியும் இல்லை. கஞ்சி மட்டும்.

சனிக்கிழமை மத்தியானம், தென்காசி வழி பஸ்ஸில் வந்த ஒருவர் ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியம்மா அனுப்பியது. உள்ளே அப்பம், மேலே குருத்தோலை இல்லாமல். வெயிலில் லேசாகப் புளித்திருந்தது. அம்மா ஜபம் சொல்லி அறுத்தாள். அந்த முறை எங்களுக்குத் தரவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து முழுவதையும் அவள் ஒருத்தியே சாப்பிட்டாள்.