கல்யாணப் பாட்டில் சாவு மேளம்

சென்னை சாலிகிராமத்தில் கீபோர்டு புரோகிராமராக இருக்கும் நண்பரின் ஹார்ட் டிஸ்க்கில் பறை ஒலிகள் மட்டும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ‘வில்லேஜ் டிரம் 07’, ‘வில்லேஜ் டிரம் 07 நியூ’, ‘வில்லேஜ் டிரம் ஃபைனல் ஃபைனல்’. இசையமைப்பாளர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “கணீர்னு ஒண்ணு இருந்துச்சே, அதப் போடு” என்பார். அது எந்த ஏழு என்று தேடுவதற்குள் டீ ஆறிவிடும். ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் ஒழுங்காக இருந்தது. எந்த அடி, மெதுவாக அடித்ததா ஓங்கி அடித்ததா, தோல் காய்ந்திருந்ததா தளர்ந்திருந்ததா என்பதுவரை எல்லாம் பெயரிலேயே இருந்தது. “இத வெட்டிப் பேர் வைக்கிற பையன் ரிஷிவந்தியத்துல இருக்கான், போய்ப் பாருங்க” என்றார் நண்பர்.

ரிஷிவந்தியம் என்றால் அரசியல் பேசுகிறவர்களுக்கு 2011இல் விஜயகாந்த் ஜெயித்த தொகுதி. பக்தர்களுக்கு அர்த்தநாரீஸ்வரர் கோயில். தியாகதுருகத்தில் பஸ் மாறிப் போய் இறங்கினேன். காலனியில் ஒரு வீட்டின் பின்னறைதான் பையனின் ஸ்டுடியோ. சுவரோடு பழைய பஞ்சு மெத்தைகளை நிமிர்த்தி வைத்திருந்தான். கரும்பு அரவைக் காலத்தில் பகலில் பதிவே கிடையாது. டிராக்டர் சத்தம் மெத்தைக்கெல்லாம் மசியாது என்றான். சென்னையில் சில வருஷம் ஸ்டுடியோக்களில் எடுபிடியாக இருந்துவிட்டுத் திரும்பியவன். இப்போது ஃபைல் கணக்கில் கூலி.

அன்று அவனுடைய பெரியப்பாவின் பறைச் செட்டு வந்திருந்தது. பின்கட்டில் வைக்கோலைக் கொளுத்தி, பறையைத் தீக்குக் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார் ஒருவர். அவர் வாசிக்கிறவர் இல்லை, காய்ச்சுவதற்கென்றே வந்தவர். விரல் நுனியால் தோலைச் சுண்டிக் கேட்பார், தலையசைக்க மாட்டார், மறுபடி தீ. ஈரம் வற்றித் தோல் இறுக இறுகச் சுருதி ஏறுகிறது. அறைக்குள் கொண்டுபோய் நாலு நிமிஷம் வாசித்ததும் இறங்க ஆரம்பித்துவிடுகிறது. இடது கையில் நீளமான சிம்புக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி. பெரியப்பா ஒரே அடியை மெதுவிலிருந்து ஓங்குவதுவரை படிப்படியாக அடித்தார். ஒவ்வொரு படியிலும் பலமுறை அடிக்கச் சொன்னான் பையன். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் மெஷின் அடிப்பதுபோல் காதில் பட்டுவிடுமாம். “அடிச்சதையே எத்தினி தபாடா அடிக்கறது?” என்று பெரியப்பா முனகினார். ஆனாலும் ஒன்றுபோல் இன்னொன்று விழவில்லை.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வேலை. இரைச்சல் நீக்குவது, ஒலி அளவைச் சமன்படுத்துவது எல்லாம் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்குச் சலிப்பானவை. வெட்டும் இடம் மட்டும் பிடித்திருந்தது. அலை நடுக்கோட்டைத் தொடும் இடமாகப் பார்த்து வெட்டுகிறான். தப்பினால் ‘டிக்’கென்று ஒரு ஒலி ஒட்டிக்கொள்ளும். ஆனால் வெட்டுவது பழகினால் யாருக்கும் வந்துவிடும். பெயர் வைப்பதில்தான் அவனுடைய கைவேலை தெரிகிறது. எண் போட்டால் 1 என்று போட மாட்டான், 001. இல்லையென்றால் பல சாஃப்ட்வேர்கள் 1க்குப் பிறகு 10ஐயும் 100ஐயும் வரிசையில் நிறுத்திவிட்டுத்தான் 2க்கு வரும். சுருதி இறங்கும் கதையையும் பெயரில் சேர்க்கிறான்: ‘காய்1’ என்றால் தீயிலிருந்து எடுத்த உடனே, ‘காய்3’ என்றால் தளர்ந்தது. இப்படி ஒரு குறிப்பை வேறு எந்தத் தொகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

சிக்கல் அடிகளின் பெயரில். பறைக்காரர்கள் வேகத்தை வைத்து அடிகளைப் பிரிப்பதில்லை. சாமிச்சாட்டு அடி, சப்பரத்தடி, மருளடி, மாரடி, வாழ்த்தடி என்று எதற்காக, யாருக்காக அடிப்பது என்பதுதான் பெயர். கேட்கிறவனுக்கு ஊரில் என்ன நடக்கிறது என்று அடியிலேயே தெரிந்துவிடும். ஒலிகளை வாங்குகிற கம்பெனிக்கு அது வேண்டாம். நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்ற எண் வேண்டும், கூடவே ‘ஹேப்பி’, ‘டார்க்’, ‘எபிக்’ என்று ஒரு சொல். பையன் அனுப்பிய பெயர்களைப் பல தடவை அழித்துவிட்டு அவர்களே ஒட்டுகிறார்கள். வேகமாக இருந்தால் எல்லாமே ‘ஃபெஸ்டிவ்’.

அப்படி ‘ஃபெஸ்டிவ்’ ஆகிப்போன ஒரு அடியைப் பற்றிப் பெரியப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “பொணத்தத் தூக்கும்போது அடிக்கிற அடி சார் அது. சினிமாவுல பொண்ணு மாப்ள மாலை மாத்தறாங்க, பின்னாடி நம்ப அடி போவுது. எங்க வூட்டுல டீவிய நிறுத்திட்டாங்க.” சாவுக்கு அடிப்பதை அவர் விட்டு வெகுகாலமாகிறது. அடிக்க வா என்று உத்தரவு போடுகிற ஊர் வழக்கத்தோடு சண்டை போட்டுத்தான் விட்டார். அடியை மட்டும் மறக்கவில்லை.

செட்டுக்குக் கிடைப்பது ஒருநாள் கூலி, ஒரு கையெழுத்து. அதற்கப்புறம் அந்த ஒலி எத்தனை படத்தில், எத்தனை விளம்பரத்தில் போனாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. வாங்கி விற்கிறவர்கள் தங்கள் பெயரை மட்டும் ஃபோல்டரின் தலையில் மறக்காமல் பொறித்துவிடுகிறார்கள். இது இங்கே மட்டும் நடக்கிற அநியாயமில்லை. 1969இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ குழுவின் ‘ஆமென் பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சில வினாடி டிரம்ஸை வெட்டி உலகமே ஆயிரக்கணக்கான பாட்டுகளில் போட்டது. கோல்மன் 2006இல் வறுமையில் செத்தார். ரசிகர்கள் வசூல் செய்த 24,000 பவுண்டு 2015இல் குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் கைக்கு வந்தது. வாசித்தவர் அப்போது இல்லை.

நம் சட்டம் அவ்வளவு மோசமில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் நிகழ்த்துநர் உரிமை வந்தது. 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, ‘வாசித்தது நான்தான்’ என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைக் கொடுக்கிறது. மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்துவிட்டாலும் இது போகாது. ஆனால் பயன்படுத்தும் விதத்தால் பெயரை விடவேண்டி வந்தால் விடலாம் என்று ஒரு சந்தும் அதிலேயே இருக்கிறது. அந்தச் சந்தில் லாரியே போகும்.

ஃபைலில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வகுத்த பிராட்காஸ்ட் வேவ் முறையில், ஒலியோடு சேர்ந்தே விவரக் குறிப்புக்கு 256 எழுத்து இடம் உண்டு. பையன் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினான். அதுவரை அவன் அனுப்பியதில் எல்லாம் அது காலி. “யார் பேரப் போடறது பெரியப்பா?” என்றான். வாசித்த நாலு பேரையும் போடச் சொன்னார். யார் பெயர் முதலில் என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம். காய்ச்சியவர் ஒன்றும் பேசாமல் வெளியே கிளம்பப் பார்த்தார். “அவன் பேரும் போடுடா, அவன் காய்ச்சலன்னா என்னாத்த அடிக்கறது” என்றார் பெரியப்பா. சட்டத்தின் கணக்கில் காய்ச்சுகிறவர் நிகழ்த்துநர் ஆவாரா என்று எனக்குச் சந்தேகம்தான். ஐந்து பேரும் ஏறிவிட்டார்கள்.

ஒலியை எம்பி3 ஆக மாற்றினால் அந்தப் பெட்டி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அதனால் ஃபைல் பெயரிலேயே முதலெழுத்துகளைச் சேர்க்கலாமா என்று கேட்டான். சேர்த்தால் பெயர் நீளம் என்று கம்பெனிக்காரர் திருப்பி அனுப்புவார், கூலி ஒரு மாதம் தள்ளிப்போகும் என்றும் அவனே சொன்னான். முதலில் பத்து ஃபைலில் போட்டு அனுப்பிப் பார்ப்பதாக முடிவு.