மரக்காணம் உப்பில் கடல் இல்லை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சுமார் 35 கிலோமீட்டர். உப்பளங்களுக்குப் பேர்போன ஊர். அதனாலோ என்னவோ, இந்தப் பக்கத்தில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவருக்கு முதலில் தோன்றும் யோசனை, 'ஒரு மூட்டை உப்பு வாங்கிக் கரைத்தால் போதாதா?' என்பதுதான். போதாது. பாத்தியில் கடல்நீர் சுண்டும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடும். பிறகு உப்பு விளையும். மக்னீசியத்தில் பெரும்பகுதி மிச்சமிருக்கும் கசப்பு நீரோடு போய்விடும். மூட்டைக்குள் வந்து சேருவது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. சாம்பாருக்கு அது சரி; மீனுக்குச் சரிப்படாது.

அந்த மீன் பெரும்பாலும் கோமாளி மீனாகத்தான் இருக்கும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை, விரல் நீளம். 2003இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்குப் பிறகு கடைகளில் அதற்கு 'நீமோ' என்றே பெயர். குட்டி மீன்தானே என்று கண்ணாடிக் கிண்ணத்தில் விடுவது கொடுமை. குறைந்தது 100 லிட்டர் தொட்டி வேண்டும். அக்வேரியம் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 அளவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மரக்காணம் கடல்நீரையே கேனில் கொண்டுவருகிறவர்கள், கரையோரத்தில் மொள்ளாமல் படகில் சற்று உள்ளே போய் எடுப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர நீர் நீர்த்துப்போயிருக்கும்.

தண்ணீர் தயாரான அன்றே மீனை விடுவதில்தான் பலருக்கும் பணம் கரைகிறது. மீனின் கழிவு அம்மோனியாவாகிறது, அது நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

விழுப்புரத்துக் கோடையில் இன்னொரு தொல்லை. வெளியே வெயில் 40 டிகிரியை எட்டும். கோமாளி மீனுக்கோ தண்ணீர் 24 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சில்லர் விலை அதிகம். நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஒன்றைத் திருப்பிவைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், மறுநாள் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே உப்புநீரை ஊற்றக் கூடாது. போனது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரைத்தான் கோடுவரை நிரப்ப வேண்டும்.

கரண்டும் ஒரு கவலை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட வேளையில் மீனைக் காப்பாற்றுவது பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏர் பம்ப்தான்.

இவ்வளவு பாடுபட்டால் கிடைக்கும் காட்சி அபூர்வமானது. கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் முதிர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிறது. இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து வளர்த்தால் ஒன்று பெண்ணாகிவிடும். கல்லில் முட்டையிட்டதும் காவல் ஆணுக்கு: துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், கெட்ட முட்டையை வாயால் எடுத்துவிடும். ஆரஞ்சாக இருந்த முட்டையில் நாளடைவில் வெள்ளிக் கண்கள் தெரியும். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, இருட்டிய பிறகு குஞ்சு பொரிக்கும். கடலில் இந்த மீன் ஒண்டி வாழும் கடல் சாமந்தி இல்லாமலே இதெல்லாம் நடக்கும். அதை வளர்ப்பது மீனை வளர்ப்பதைவிடக் கடினம்.

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இந்த மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சு தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, தீனியும் தயங்காமல் தின்னும். ஆகவே வாங்கும்போது, 'கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் வளர்த்ததா?' என்று கடைக்காரரைக் கேளுங்கள். கூடவே பவளப் பாறையையோ கடல் குதிரையையோ எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.