சாமான் மேசையில் தொடங்கும் பாடம்

நாடகக் குழுவில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் வந்ததும் வராததுமாகக் கேட்பது ஒன்றைத்தான்: "அக்கா, எனக்கு என்ன வேஷம்?" மேடை நிர்வாகம் என் பொறுப்பு. நான் அவர்களுக்குக் கொடுப்பது வேஷம் இல்லை, சாமான் மேசை. சிலருக்கு முகம் வாடிப்போகும். ஆனால் நாடகம் என்றால் என்ன என்பதை வசனத்தைவிட வேகமாகக் கற்றுக்கொடுப்பது அந்த மேசைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சைடு விங்கில் ஒரு மேசை. அதன்மேல் வெள்ளைத்தாள் விரித்து, நாடகத்தில் வருகிற ஒவ்வொரு பொருளையும் வைத்து, அதைச் சுற்றிப் பேனாவால் கோடு போட வேண்டும். உள்ளே பெயரும் காட்சி எண்ணும் எழுத வேண்டும். சொம்பு, கடிதம், தீப்பெட்டி, கைத்தடி, மூக்குக்கண்ணாடி. பொருள் மேடைக்குப் போனால் கோடு காலியாகத் தெரியும். திரும்பி வராவிட்டால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். கடிதம் என்றால் வெற்றுத்தாள் ஆகாது. நடிகர் கண்ணால் வாசிக்கிற வரிகள் அதில் இருக்க வேண்டும், கிழிக்கிற கடிதமாக இருந்தால் ஒவ்வொரு காட்சி நாளுக்கும் புதிதாக எழுத வேண்டும். தீப்பெட்டியில் குச்சிகளை உரசிப் பார்த்து வைக்க வேண்டும்; மழைக்காலத்தில் நமத்துப்போகும். சொம்பில் கழுத்துக்குக் கீழேதான் தண்ணீர். தளும்பிச் சிந்தினால் அடுத்த காட்சியில் ஆட வருகிறவர் வழுக்கி விழுவார்.

இதெல்லாம் எடுபிடி வேலை மாதிரி தோன்றும். ஆனால் ஒருமுறை பயிற்சிக்கு வந்த ஒரு பெண், மூன்றாம் காட்சிச் சொம்பை மேசையின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு மாற்றி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அவங்க உள்ளே வரும்போது வலது கையில குடை இருக்குக்கா. குடையைக் கைமாத்திட்டுச் சொம்பை எடுக்கறதுக்குள்ள வசனத்தோட முதல் வார்த்தை போயிடுது." அந்த நடிகையே எங்களிடம் சொல்லாத விஷயம் அது. ஒத்திகைகளில் பேசாமல் உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றுமுதல் அந்த மேசையைப் பற்றி நான் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. அது அவளுடைய மேசை ஆகிவிட்டது.

அடுத்த பாடம் ப்ராம்ப்ட். பிரதியை மடியில் வைத்துக்கொண்டு நடிகர் தடுமாறினால் அடியெடுத்துக் கொடுக்கிற வேலை. படிக்கத் தெரிந்தால் போதாதா என்று நினைப்பார்கள். நடிகர் நிறுத்துகிறார். அது அவர் வேண்டுமென்றே விட்ட மௌனமா, மறதியா? மௌனத்தில் குரல் கொடுத்தால் காட்சி பாழ். மறதியில் வாய்மூடி இருந்தால் நடிகர் நடுக்கடலில் நிற்பார். இரண்டையும் பிரித்தறிய எந்தப் புத்தகமும் உதவாது. மறந்தவரின் கண் ஒரு கணம் எதையும் பார்க்காது. நிறுத்தியவரின் கண் எதிரில் நிற்பவரை விடாது. மூச்சிலும் வித்தியாசம் தெரியும். எல்லா ஒத்திகைக்கும் வந்து, ஒரே நடிகர் ஒரே வசனத்தைப் பலவிதமாகச் சொல்வதைக் கேட்டவருக்கே இது கைவரும். நடிக்க ஆசைப்பட்டு வருகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல நடிப்பு வகுப்பு எதை நான் கொடுக்க முடியும்? தன் வரி எப்போது வரும் என்ற கவலை இல்லாமல், இன்னொருவர் நடிப்பதை அவ்வளவு நெருக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு பிறகு அவர்களுக்கு எளிதில் கிடைக்காது.

இருட்டையும் பழக்க வேண்டும். விளக்கு அணைந்து மீண்டும் எரிவதற்குள் நாற்காலியை எடுத்து, பாயை விரித்து, ஓசையில்லாமல் வெளியேற வேண்டும். மேடைத் தரையில் ஒளிரும் நாடாத் துண்டுகள் ஒட்டியிருப்போம். அதுமட்டும் போதாது. விளக்கு அணையப்போகிறது என்ற எச்சரிக்கை காதில் விழுந்ததும் விங்கில் நின்றபடியே கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வேன். பிறகு இருட்டில் திறந்தால் மேடை ஓரளவு புலப்படும். சென்னையில் பெரும்பாலும் அரங்கு நம் கைக்கு வருவதே நாடக நாள் காலையில்தான். மாலைக்குள் செட் எழ வேண்டும், விளக்குகளைத் திருப்பி நிறுத்த வேண்டும், ஒரு ஓட்டம் பார்க்க வேண்டும். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896இல் திறந்த கட்டடம். அப்படிப்பட்ட மேடையில் கால்வைத்ததும் எந்தப் பலகை கிறீச்சிடுகிறது என்று நடந்து பார்த்து, சாக்பீஸால் குறித்து வைப்பதும் பயிற்சிப் பிள்ளைகளின் வேலைதான்.

நம் நாடகத்துக்கு இந்த வழி புதிதல்ல. தமிழ்த் தொழில்முறை நாடகமே பயிற்சிப் பிள்ளைகளின் தோளில் நின்றதுதான். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனி தொடங்கியது. சங்கரதாஸ் சுவாமிகள் அதன் வாத்தியார். நடிகர் டி.கே.சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பின்னாளில் 'எனது நாடக வாழ்க்கை' நூலில் அந்த நாட்களை விரிவாக எழுதினார். சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்ததை அவர் வியப்போடு பதிவு செய்திருக்கிறார். என்னை அதிகம் தொடுவது அந்த வேகம் அல்ல. தன்னிடம் இருக்கிற பிள்ளைகளின் குரலையும் வயதையும் மனத்தில் வைத்து ஒரு பெரும் வாத்தியார் நாடகம் எழுதினார் என்பதுதான். 1925இல் சண்முகமும் அவருடைய சகோதரர்களும், அதாவது டி.கே.எஸ். சகோதரர்கள், சொந்தமாகக் குழு தொடங்கினார்கள். பயிற்சிப் பிள்ளைகள் ஏழு ஆண்டுகளில் குழு நடத்துபவர்கள் ஆனார்கள்.

அந்தக் கம்பெனிகளில் கொடுமையும் இருந்தது. அடி இருந்தது. பெற்றோரைப் பிரிந்த குழந்தைகள் விடிய விடிய மேடையில் நின்றார்கள். குரல் உடைந்த பையனின் நிலை சங்கடம்தான். அதையெல்லாம் திரும்பக் கொண்டுவர யாரும் விரும்பக் கூடாது. ஆனால் அங்கே பிள்ளைகளுக்குச் சோறு இருந்தது, தங்க இடம் இருந்தது, பாட்டும் பாடமும் தினமும் இருந்தன. நாம் அடியை விட்டோம், நல்லது. கூடவே சோற்றையும் ஏன் விட்டோம்?

தினப் பயிற்சியை விடாத நாடகக் குழுவும் உண்டு: நாடகாசிரியர் ந.முத்துசாமியின் கூத்துப்பட்டறை 1977இல் தொடங்கியது. நடிகர்களை முழுநேரமாக வைத்துக்கொண்டு, உடலும் குரலும் தினமும் பழக வேண்டியவை என்று காட்டியது அது. தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரான் வந்து கூத்தடவு சொல்லிக்கொடுத்த இடம். நடிகர்கள் பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாரும் அங்கே பழகியவர்கள்தான். விஜய் சேதுபதி அங்கே கணக்கராக வேலை பார்த்தபடியே நடிகர்களைக் கவனித்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்கிறார்கள். நாள் முழுக்க ஒத்திகை நடக்கிற இடத்தில் ஒருவருக்குச் சம்பளத்தோடு ஒரு வேலை இருந்தது என்பதை நான் அதில் பார்க்கிறேன்.

இன்று பல குழுக்களில் நடப்பது வேறு. விஸ்காம் படிக்கிற பிள்ளைகள் கல்லூரிக்குச் சான்றிதழ் வேண்டும் என்று வருகிறார்கள். டீ வாங்கவும், போஸ்டர் ஒட்டவும், இன்ஸ்டாகிராமில் படம் போடவும் அவர்களை அனுப்பிவிட்டுக் கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஒத்திகை நடக்கும்போது அந்தப் பிள்ளை கடைத்தெருவில் நிற்கிறது. டீ வாங்குவது இழிவு என்று நான் சொல்லவில்லை. குழுவில் எல்லாரும் முறைபோட்டு வாங்கட்டும். பயிற்சிக்கு வந்தவர் ஒத்திகை அறையில் இருந்தாக வேண்டும்.

குழு நடத்தும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் முழுமையான ஒரு பொறுப்பை அவர் பெயரில் எழுதிக் கொடுங்கள். அது சாமான் மேசையாக இருக்கலாம், ஒரு நடிகரின் உடை மாற்றமாக இருக்கலாம். ஒத்திகை நாட்களில் சாப்பாடும் போக்குவரத்துச் செலவும் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு ஒத்திகை முடிந்தால் அவர் எப்படி வீடு போய்ச் சேர்வார் என்பது உங்கள் கவலையாக இருக்கட்டும். அறிவிப்புத் தாளில் அவர் செய்த வேலையோடு பெயரைப் போடுங்கள். டிக்கெட் விற்று நடத்துகிற குழுவால் இது முடியும். அரங்க வாடகையை எழுதுகிற அதே தாளில் இந்தச் செலவையும் எழுத வேண்டும். பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளே, சேரும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "நாடகம் நடக்கிற அன்னைக்கு மாலையில என் கையில என்ன வேலை இருக்கும்?" அதற்கு நேரான பதில் சொல்லாத குழுவை விட்டுவிட்டு வேறு குழுவைத் தேடுங்கள்.